ஒரு பாலம், இரண்டு அரசுகள்: முதலீட்டுக்காக அண்டை மாநிலங்கள் கைகோப்பது என்றால் என்ன?

கடலூரில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுச்சேரியில் வேலை இருந்தால் முதல்நாள் டேங்கை நிரப்ப மாட்டார்கள். ஆல்பேட்டை சோதனைச்சாவடி, பெண்ணையாற்றுப் பாலம், பெரிய கங்கணாங்குப்பம் எல்லாம் தாண்டி முள்ளோடை வந்ததும் பங்கில் வண்டியை விட்டு, "ஃபுல் பண்ணுங்க" என்பார்கள். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். என் மைத்துனர் இதில் தேர்ந்தவர். ரிசர்வில் விழுந்தபின் வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பது அவருக்கு அத்துப்படி. போன கோடையில் ஒருநாள் கணக்குத் தப்பி, பாலத்தின் மேலே உச்சி வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் பழக்கத்தை விடவில்லை.

இரண்டு பக்கத்துப் பெட்ரோலும் ஒன்றுதான். வித்தியாசம் வரியில் இருக்கிறது. பெட்ரோலும் டீசலும் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. அவற்றின்மேல் எவ்வளவு வாட் வரி போடுவது என்பதை அந்தந்த அரசே தீர்மானிக்கிறது. புதுச்சேரி குறைவாகப் போடுகிறது. கடலூர்க்காரர் அங்கே போய் நிரப்புகிறார். அந்த லிட்டரின் வரியைத் தமிழ்நாடு இழக்கிறது.

இப்போது என் மைத்துனரின் பைக் இருக்கும் இடத்தில் ஒரு தொழிற்சாலையை வைத்துப் பாருங்கள். அதற்கும் எந்தப் பக்கம் நிற்பது என்று ஒரு கணக்கு இருக்கும். "எங்கள் பக்கம் வா, வரியைக் குறைக்கிறேன்" என்று இரண்டு அரசுகளும் கூப்பிட்டால் அது முதலீட்டுப் போட்டி. "நம் வட்டாரத்துக்கு வா, எந்தப் பக்கம் நின்றாலும் உனக்குச் சாலையும் தண்ணீரும் ஆளும் கிடைக்கும்" என்று சேர்ந்து கூப்பிட்டால் அது முதலீட்டுக் கூட்டுறவு. சொல்ல எளிதாக இருக்கிறது. நடப்பில் முதலாவது தானாக நடக்கும். இரண்டாவதை யாராவது மெனக்கெட்டு நடத்த வேண்டும். ஏன் அப்படி என்பதுதான் விஷயமே.

பலாப்பழக் காலத்தில் பண்ருட்டிப் பக்கம் சாலையில் போயிருப்பீர்கள். வரிசையாகக் கடைகள். சென்னை எண் போட்ட ஒரு கார் வேகத்தைக் குறைக்கிறது. முதல் கடைக்காரர் ஒரு விலை சொல்கிறார். பக்கத்துக் கடை அம்மா இருபது ரூபாய் குறைக்கிறார். முதல் கடைக்காரர் மேலும் குறைக்கிறார். கார்க்காரர் கடைசியில் அடக்கவிலைக்குப் பக்கத்தில் ஒரு பழத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு போகிறார். அவர் பலாப்பழம் வாங்கத்தான் பண்ருட்டி வழியாகவே வந்தார். யாரும் விலையைக் குறைக்காவிட்டாலும் வாங்கியிருப்பார். இரண்டு கடைக்காரரும் சேர்ந்து இழந்ததுதான் அவருடைய லாபம்.

அரசுகள் விஷயத்தில் இதையே கணக்காகப் போடலாம். ஒரு நிறுவனம் 100 கோடி ரூபாய் போட்டு ஆலை கட்ட வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புதுச்சேரி அரசு மானியமும் சலுகையுமாக 10 கோடி தருவதாகச் சொல்கிறது. தமிழ்நாடு 14 என்கிறது. புதுச்சேரி 18. கடைசியில் 20-க்கு ஏதோ ஒரு பக்கம் ஆலை வருகிறது. இரண்டு பக்கமும் வேலைக்கு வரப்போவது பாகூர், நெல்லிக்குப்பம், ரெட்டிச்சாவடி, அரியாங்குப்பத்து ஆட்கள்தான். சுற்றுவட்டாரத்துக்கு வந்த வேலைவாய்ப்பில் மாற்றமில்லை. அரசுக் கருவூலத்தில் மட்டும் 20 கோடி குறைந்துவிட்டது. அந்த 20 கோடியில் வந்திருக்க வேண்டிய பள்ளிக்கூடமும் வடிகாலும்தான் உண்மையான விலை. இது கற்பனைக் கணக்கு. ஆனால் மூலதன மானியம், முத்திரைத்தாள் கட்டண விலக்கு, மின்சார வரி விலக்கு, வரித்தொகையைத் திருப்பித் தருவது என்று உண்மையில் கொடுக்கப்படும் சலுகைகளின் பெயர்களைத் தொழிற்கொள்கை ஆவணங்களில் பார்க்கலாம்.

நம் பகுதியில் இந்தப் போட்டிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. எல்லையே விசித்திரமானது. புதுச்சேரி வட்டாரம் மொத்தம் சுமார் 290 சதுர கிலோமீட்டர்தான். அதுவும் ஒரே துண்டாக இல்லை. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குள் திட்டுத்திட்டாகச் சிதறிக் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சண்டை போட்டுப் பிரித்துக்கொண்டதன் மிச்சம். (கடலூரில் நிலம் அளந்த விதம் தெரியுமா? 1690-ல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழும் தூரம் வரை நிலமும் சேர்த்தி என்று பேச்சு. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். இதைவிடப் பொருத்தமான நில அளவை இந்த வட்டாரத்துக்கு இருக்க முடியாது.) 1954-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்து, 1962-ல் சட்டப்படி இணைந்து, 1963-ல் யூனியன் பிரதேசமானபோதும் அந்தக் கோடுகள் அப்படியே நின்றன. வயல் நடுவே போன கோடு, பின்னாளில் வரிக் கோடாகிவிட்டது.

விற்பனை வரிக் காலத்தில் புதுச்சேரி தன் சிறிய உடம்பை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. குறைந்த வரி, வரிவிலக்குக் காலம், மானியம். மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, திருபுவனை என்று தொழிற்பேட்டைகள் நிரம்பின. கணினிப் பாகங்களைப் பொருத்தும் ஆலைகள்கூட வந்தன. இந்தியா முழுக்க இந்த வரி யுத்தம் நடந்தது. கடைசியில் மாநிலங்களுக்கே மூச்சு முட்டியது. இதற்குக் கீழே யாரும் இறங்கக் கூடாது என்று குறைந்தபட்ச விற்பனை வரி விகிதங்களை 2000 ஜனவரி முதல் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு வாட் வந்தது. 2007-ல் முதலில் தமிழ்நாடும் சில மாதம் கழித்துப் புதுச்சேரியும் சேர்ந்தன. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். தனியாக யாரும் விகிதத்தைக் குறைக்க முடியாது. குறை சொல்ல எவ்வளவோ இருந்தாலும், மாநிலங்கள் ஒன்றையொன்று குறைத்து விற்காமல் இருக்கச் செய்துகொண்ட மிகப்பெரிய ஒப்பந்தம் இதுதான். வெளியே விட்டுவைத்த பெட்ரோலிலும் மதுவிலும் பழைய யுத்தம் தொடர்வதை ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பை தடவிப் பார்க்கும் காவலரிடம் கேட்டாலே சொல்வார்.

வரி விகிதம் ஒன்றாகிவிட்டால் எல்லை போய்விடுமா? போகாது. கடலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் பில் புத்தகத்தைக் காட்டினார். ஓசூருக்கு ஒரு பாகம் அனுப்புகிறார். 250 கிலோமீட்டருக்கு மேல். அது மாநிலத்துக்குள் நடக்கும் வியாபாரம். புதுச்சேரிப் பக்கம் இருக்கும் கிருமாம்பாக்கத்துக்கு அதே பாகத்தை அனுப்புகிறார். அரை மணி நேரம்கூட ஆகாது. அது மாநிலம் விட்டு மாநிலம். ஓசூர் சரக்குக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு. கிருமாம்பாக்கம் சரக்குக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டினாலே வேண்டும். இது பரவாயில்லை, ஃபோனிலேயே போட்டுவிடலாம். பெரிய சிக்கல் வேறு. சிறு தொழில்களுக்கு என்று காம்பொசிஷன் திட்டம் இருக்கிறதல்லவா, ஆண்டு விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது? அதில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. "கன்னியாகுமரிக்கு விற்கலாம், கன்னியக்கோவிலுக்கு விற்க முடியாது" என்று சிரித்தார். கடைசியில் அவர் அந்தத் திட்டத்திலிருந்து வெளியே வந்து, மாதாமாதம் கணக்கு எழுத ஆள் வைத்தார்.

ஒரு பெரிய ஆலை எங்கே நிற்கலாம் என்று பார்ப்பவர் இதைத்தான் பார்க்கிறார்: எனக்கு நட்டும் போல்ட்டும் செய்து தரும் பட்டறைகள் பக்கத்தில் இருக்கின்றனவா? ஆலை முள்ளோடைக்கு அந்தப் பக்கமும் பட்டறைகள் இந்தப் பக்கமும் இருந்தால், வரைபடத்தில் பக்கம், காகிதத்தில் தூரம். இந்தக் காம்பொசிஷன் விதி மத்தியச் சட்டத்தில் இருப்பது. இரண்டு அரசுகளும் மட்டும் பேசி மாற்ற முடியாது. ஆனால் கவுன்சிலில் எல்லையோர மாவட்டங்களுக்காக ஒரு சலுகை கேட்க இரண்டும் சேர்ந்து கை தூக்கலாம். கூட்டுறவு என்பது பல சமயம் இப்படிச் சலிப்பூட்டும் சின்ன வேலைதான்.

தண்ணீர் இதைவிடப் பெரிது. புவியியல் படித்தவர்கள் கடலூர் மணற்கல் என்று ஒரு பாறை அடுக்கைச் சொல்வார்கள். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வைப்பதும், புதுச்சேரி ஆழ்துளைக் கிணறுகளில் பலவற்றுக்கு நீர் தருவதும் இந்த அடுக்குதான். பெயர் நம்முடையது, தண்ணீர் இருவருடையது. கடலோரத்தில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே ஏறும். அது எந்த அரசின் எல்லையில் ஏறலாம் என்று கேட்டுக்கொண்டு ஏறாது. தண்ணீர் அதிகம் குடிக்கும் ஆலையை ஒரு பக்கம் மறுத்து, நாலு கிலோமீட்டர் தள்ளி மறுபக்கம் அனுமதித்தால் மறுத்ததால் என்ன பயன்? கழிவுநீரும் அப்படித்தான். சிதம்பரம் சாலையில் சிப்காட் ரசாயன ஆலைகளோடு தலைமுறைக் கணக்கில் வாழ்ந்த கடலூர்க்காரர்களுக்குக் காற்றும் நீரும் எப்படி நகரும் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். இரண்டு மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கும் ஒரே அளவுகோல், ஒரே நிலத்தடி நீர்க் கணக்கு என்றிருந்தால் "அங்கே விட்டார்களே" என்று எந்த ஆலையும் பேரம் பேச முடியாது. முதலீட்டாளருக்கும் அது நல்லதுதான்; பத்து வருடம் கழித்துத் தண்ணீர் இருக்குமா என்பதை நம்பி அவர் பணம் போடலாம்.

வெளியூர்க் கதைகளில் எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி. ஊர் ஒன்று, மாநிலம் இரண்டு: ஒரு பாதி மிசௌரி, மறுபாதி கான்சஸ். நடுவே ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு சாதாரணத் தெரு. வருடக்கணக்கில் இரண்டு மாநிலங்களும் வரிச்சலுகை கொடுத்து, தெருவுக்கு இந்தப் பக்கம் இருந்த அலுவலகத்தை அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்ததை இந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தன. ஊழியர் வீடு மாறவில்லை. காலையில் கார் திரும்பும் திசை மட்டும் மாறியது. 2014-ல் மிசௌரி, "நீ நிறுத்தினால் நானும் நிறுத்துகிறேன்" என்று சட்டம் போட்டது. கான்சஸ் அதற்கு இணையான சட்டம் போடவில்லை, அது காலாவதியானது. 2019-ல் மறுபடி முயன்றார்கள். மிசௌரி சட்டம் இயற்ற, கான்சஸ் ஆளுநர் லாரா கெல்லி ஆணை பிறப்பிக்க, எல்லையோர மாவட்டங்களில் ஒருவரையொருவர் பிடுங்குவதில்லை என்று முடிவானது. கவனியுங்கள்: மாநிலம் முழுக்க அல்ல, எல்லையோர மாவட்டங்களில் மட்டும். அப்படியும் 2024-ல் கான்சஸ் சட்டமன்றம், மிசௌரி பக்கம் ஆடும் இரண்டு பெரிய விளையாட்டு அணிகளை இழுக்க மைதானம் கட்டும் நிதித் திட்டத்தை நிறைவேற்றியது. சமாதானம் என்பது கையெழுத்தோடு முடிவதில்லை.

கனடா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே மாகாணங்கள் இயற்கை வளம், தொழில் உரிமம், கல்வி என்று நிறைய அதிகாரம் வைத்திருப்பவை. ஒரு மாகாணத்தில் உரிமம் வாங்கிய தொழிலாளி அடுத்ததில் மறுபடி தேர்வு எழுத வேண்டியிருந்த காலம் உண்டு. 2006-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவும் ஆல்பர்ட்டாவும் தங்களுக்குள் வர்த்தகம், முதலீடு, தொழிலாளர் நடமாட்டத்துக்கு ஓர் ஒப்பந்தம் போட்டன. 2010-ல் சஸ்காட்செவானும் சேர்ந்து நியூ வெஸ்ட் பார்ட்னர்ஷிப் ஆனது. பிறகு மானிடோபா வந்தது. உரிமங்களைப் பரஸ்பரம் ஏற்பது, அரசு ஒப்பந்தங்களில் ஒருவர் மற்றவரின் நிறுவனங்களை அனுமதிப்பது, ஒருவரிடம் இருக்கும் நிறுவனத்தை மானியம் கொடுத்து இழுக்காமல் இருப்பது, வெளிநாட்டுக்கு முதலீடு தேடிச் சேர்ந்தே குழு அனுப்புவது எல்லாம் அதில் அடக்கம். நாடு முழுமைக்குமான கனடிய உள்நாட்டு வர்த்தக உடன்பாடு 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நம் ஜிஎஸ்டி பிறந்த அதே நாள். தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க வசதி.

நம்மிடம் இதற்கான மேடைகள் இல்லாமல் இல்லை. 1956-ன் மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின்படி அமைந்த தென் மண்டலக் குழுவில் தமிழ்நாடும் புதுச்சேரியும் உறுப்பினர்கள். மத்திய உள்துறை அமைச்சர் தலைவர். 2021-ல் திருப்பதியிலும் 2022-ல் திருவனந்தபுரத்திலும் கூடியது. ஆனால் அது முதல்வர்கள் ஆற்று நீரும் நிலுவைத் தொகையும் பேசும் இடம். பாகூருக்கும் கடலூருக்கும் நடுவே தொழிற்பேட்டை எங்கே வரலாம் என்பது அந்த மேசைக்கு வந்து சேராது. டெல்லியைச் சுற்றி 1985 முதல் தேசியத் தலைநகர் வட்டாரத் திட்ட வாரியம் என்று ஒன்று இருக்கிறது. டெல்லி, ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் நான்கும் அதில் உண்டு. அந்த மாதிரி ஒரு சிறிய பதிப்பு இங்கே வேண்டும் என்பது என் எண்ணம்.

கைகோத்த உதாரணம் கண்முன்னே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது: கடலூர்–புதுச்சேரி பஸ். இரண்டு அரசுகளும் எத்தனை வண்டி, எந்த வழி என்று பேசி ஒப்பந்தம் செய்துகொள்வதால்தான் அந்த பஸ் பாலம் தாண்டுகிறது. ஆட்டோவுக்கு அப்படி ஒப்பந்தம் இல்லை. பர்மிட் எல்லையோடு நின்றுவிடும்.

அப்புறம் ஏன் நடக்கவில்லை? இங்கேதான் நான் சொல்ல வருவது. பேச வேண்டிய இருவரும் சமமானவர்கள் அல்ல. தமிழ்நாட்டிடம் 1971 முதல் சிப்காட், 1992 முதல் முதலீட்டை வரவேற்கவே கைடன்ஸ் நிறுவனம். 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் என்று அறிவித்த மாநிலம் அது. ஸ்ரீபெரும்புதூரும் ஓசூரும் கையில் இருக்கும்போது அதற்குப் புதுச்சேரி ஒரு பொருட்டில்லை. புதுச்சேரிக்கோ நிலம் இல்லை, பல முடிவுகளுக்கு துணைநிலை ஆளுநரையும் டெல்லியையும் பார்க்க வேண்டும். கூட்டுறவால் உண்மையில் பிழைக்கப் போவது கடலூரும் விழுப்புரமும். ஆனால் கடலூருக்குச் சொந்தமாக அரசு இல்லை; அதன் சார்பில் முடிவெடுப்பவர்கள் 180 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்வது பெரும்பாலும் எல்லைக்கு இந்தப் பக்கம் தங்கள் கொடியை ஊன்றுவது. 2024-ல் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் திறந்த சிறு டைடல் பூங்காவை, அதாவது தகவல் தொழில்நுட்ப அலுவலகக் கட்டடத்தைப் பாருங்கள். புதுச்சேரி நகரத்திலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். அந்த நகரத்தின் கல்லூரிகளும் வாடகை வீடுகளும் கஃபேக்களும் இல்லாமல் அந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்திருப்பார்கள்? இதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் பஸ், குடிநீர், பயிற்சி மையம் பற்றியெல்லாம் பக்கத்து அரசோடும் உட்கார்ந்து பேசியிருந்தால் அதே கட்டடம் இன்னும் கொஞ்சம் உழைத்திருக்கும்.

சேர்ந்து செய்யாவிட்டால் செய்யவே முடியாத ஒன்றும் இருக்கிறது: புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையம். ஓடுதளம் 1,500 மீட்டர். ஏடிஆர் மாதிரிச் சிறிய விமானம்தான் இறங்கும். பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கிய சேவையும் அதில்தான். நீட்ட வேண்டுமென்றால் நிலம் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறது. புதுச்சேரி கேட்டுக்கொண்டே இருக்கிறது. நிலம் கொடுக்கும் கிராமம் விழுப்புரம் மாவட்டத்தில். விமான நிலையத்தின் பெயரும் அதைச் சுற்றி வரும் ஓட்டல், கிடங்கு, அலுவலகங்களின் வரியும் புதுச்சேரியில். "எனக்கு என்ன?" என்று தமிழ்நாடு கேட்டால் அது கெட்ட எண்ணமில்லை, சரியான கேள்வி.

அதற்கு விடை உலகில் சில இடங்களில் எழுதியாகிவிட்டது. மின்னசோட்டாவில் 1971-ல் ஒரு சட்டம்: மினியாபொலிஸ்–செயின்ட் பால் வட்டாரத்தில் எந்த ஊரில் புதிய வணிகக் கட்டடம் வந்தாலும், வரி விதிக்கக்கூடிய வணிகச் சொத்து மதிப்பில் கூடுவதில் 40 சதவீதம் பொதுக் கணக்குக்குப் போய் எல்லா ஊர்களுக்கும் பிரியும். ஷாங்காய், ஜியாங்சு, செஜியாங் மூன்றும் சந்திக்கும் மூலையில் சீனா 2019-ல் ஒரு கூட்டு வளர்ச்சி மண்டலம் தொடங்கியது. எல்லை தாண்டிய திட்டங்களின் வரியைப் பகிர்வது அங்கே சோதித்துப் பார்க்கும் விஷயங்களில் ஒன்று. இங்கே எப்படி இருக்கலாம்? ஓடுதளத்துக்கு நிலம் தரும் ஊராட்சிகளுக்கு விமான நிலையத்தைச் சுற்றி வரும் கட்டடங்களின் சொத்துவரியில் இத்தனை சதவீதம், இத்தனை ஆண்டுக்கு. வேலைக்கு ஆள் எடுக்கும்போது "புதுச்சேரிக்காரர்" என்ற சொல்லுக்குள் அந்தக் கிராமங்களும் அடக்கம். இரண்டு பக்கக் காகிதம் போதும். அதில் எந்த எண்ணை நிரப்புவது என்று விழுப்புரத்திலும் கடலூரிலும் இருந்து யாராவது கேட்க ஆரம்பிக்க வேண்டும்.